கடலில் உறைந்த தயிர்

நெய்தலூர் அரசு மருத்துவமனையின் கேண்டீனில் மூன்றாவது வாரமாக இட்லி கல்லாக வந்தபோது, முதலில் பழி விழுந்தது உளுந்தின் மேல். உளுந்தை மாற்றினார்கள். அடுத்து கிரைண்டரின் மேல் விழுந்தது, அதையும் மாற்றினார்கள். தண்ணீர், உப்பு, வெந்தயம் என்று ஒவ்வொன்றாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறி இறங்கிய பிறகு, மிச்சமிருந்தது மாவைக் கரைத்த கை மட்டும்தான். அந்தக் கைக்குச் சொந்தக்காரியான தலைமைச் சமையல்காரி அமலோற்பவம் ஒரு காலையில் நுண்ணுயிர்த் துறையின் வாசலில் வந்து நின்றாள்.

"மேடம், எங் கையை ஒரு சோதனை பண்ணிப் பாருங்க," என்றாள். "இருபத்தெட்டு வருசமா இந்தக் கை கரைச்ச மாவு பொங்காம இருந்ததில்ல. இப்ப பொங்க மாட்டேங்கு. கையில இருந்த என்னமோ போயிட்டு. சோதனையில அப்படித்தான்னு வந்தா, நான் வேலையை விட்டுட்டுப் போயிருதேன்."

துறைத் தலைவியும் நோய்த்தொற்றுத் தடுப்பு அதிகாரியுமான ஆவுடைச்செல்வி வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மேல் மாடியில், பிறந்து இருபது நாளான ஒரு பெண்குழந்தை வயிறு உப்பிக் கிடந்தது. பிறக்கும்போது இரண்டு கிலோ முந்நூறு கிராம், இப்போது ஒன்று எழுநூறு. தாய்ப்பால் குடிக்கிறது, உடம்பில் ஒட்டவில்லை. இதே மாதிரி இரண்டு குழந்தைகளைச் சென்ற மாதம் இழந்திருந்தார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை.

குழந்தையின் கழிவைச் சோதித்ததில் நோய் உண்டாக்கும் நிலையில் கிருமி எதுவும் சிக்கவில்லை. நெய்தலூரில் சிக்கவும் சிக்காது. பாக்டீரியாக் காய்ச்சல் என்ற சொல்லையே ஊர் மறந்து பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. தெருமுனைக்கு ஒன்றாக நிற்கும் தனிமையூட்டித் தூண்கள் அதைப் பார்த்துக்கொண்டன.

தூண்கள் எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. கொன்ற காலம் ஒன்று இருந்தது. எந்த மருந்தைக் கொடுத்தாலும் பத்து வருடத்தில் அதை ஏப்பம் விட்டுவிட்டுக் கிருமிகள் திரும்பி வந்தன. கடைசியில்தான் மனிதர்களுக்குப் புத்தி வந்து, அவை எப்படி வாழ்கின்றன என்று உட்கார்ந்து கவனித்தார்கள். கண்ணும் காதும் மூளையும் இல்லாத அந்தத் துளி உயிர்கள் ஒன்றையொன்று எண்ணிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தன்னிலிருந்து ஒரு பொருளைக் கசியவிட்டது. சுற்றிலும் அந்த மணம் ஏற ஏற, 'நாம் நிறையப் பேர் இருக்கிறோம்' என்று அவற்றுக்குத் தெரிந்தது. தெரிந்த மறுகணம் எல்லாம் சேர்ந்து எழுந்தன. அதுவரை பரம சாது.

அந்தப் பொருளுக்கு எண்மணம் என்று பெயர் வைத்தார்கள். தூண்கள் காற்றில் விடும் மெல்லிய பனிப்புகை எண்மணத்தை உறிஞ்சிவிடும். ஒரு தொண்டைக்குள் கோடிக் கிருமிகள் இருந்தாலும், ஒவ்வொன்றும் தான் மட்டும்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். சாகடித்தால்தானே எதிர்த்து நிற்கப் பழகும்? இவை எதிர்க்கவே இல்லை.

ஆறு மாதத்துக்கு முன், உள்ளே பெருகிவரும் கிருமிகளுக்குப் பழைய அளவு போதவில்லை என்று, தூண்களின் வீச்சைப் படிப்படியாக இரண்டு மடங்காக்கலாமா என்று கேட்டு ஒரு தாள் வந்தது. ஆகலாம் என்று அதில் கையெழுத்துப் போட்டவள் ஆவுடைச்செல்விதான்.

"மாவு பொங்காம எவ்வளவு நாளாச்சுக்கா?"

"ஆறு மாசமாவே மந்தம்தான். இப்ப மூணு வாரமா சுத்தமா இல்ல. வீட்டுல தயிரும் உறையல. இதுல கூத்து என்னன்னா மேடம், எங்க வீட்டுக்காரருக்குப் படகுல மட்டும் உறையுது. நான் காய்ச்சிக் குடுத்த அதே பால், அதே உறைமோர். கரையில தண்ணியா நிக்குது, நடுக்கடல்ல கட்டித் தயிரா இருக்குங்காக."

ஆவுடைச்செல்விக்குச் சட்டென்று புரிந்தது. மாவைப் பொங்கவைப்பதும் பாலை உறையவைப்பதும் பாக்டீரியாதான். பிறந்த குழந்தையின் வயிற்றில் குடியேறிப் பாலைச் செரிக்க உதவுவதும் பாக்டீரியாதான். நல்லது கெட்டது என்று தூணுக்குத் தெரியுமா? எல்லாரிடமும் அது ஒரே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் வயிற்றில் அவை எப்போதோ வீடு கட்டிக் குடியேறிவிட்டன. அவற்றை அசைக்க முடியாது. புதிதாக வந்து இறங்குபவைதான், துணைக்கு யாருமில்லை என்று நினைத்து வேலையே தொடங்காமல் கிடந்தன.

"உங்க கையில ஒரு குறையும் இல்லக்கா," என்றாள். "குறை எங் கையெழுத்துல."

மருத்துவமனைத் தலைவர் ஞானதுரை அவள் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"ஆதாரம் என்ன வச்சிருக்கீங்க?"

"தயிர், சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தூண்களை நிறுத்தச் சொல்றீங்களா? போன வருஷம் மீன் மார்க்கெட் தூண் ரெண்டு மணி நேரம் நின்னுது. அந்தத் தெருவுல பத்தொன்பது பேர் படுத்துட்டாங்க. பதினோரு வருஷமா சத்தமில்லாம பெருகியிருக்குதுங்க, ஆவுடை. ஊருல ரெண்டு லட்சம் பேர். எல்லாரு உடம்புலயும் அதுங்க ஒரே நாள்ல எண்ணிப் பாத்துதுன்னா?"

"தெரியும் சார். தூணை நிறுத்த வேண்டாம். குழந்தையைத் தூண் இல்லாத இடத்துக்குக் கொண்டு போறேன்."

"கூடப் போற நீங்க?"

"நானும் படுப்பேன்."

ஞானதுரை எழுந்துபோய், மருந்துக் கிடங்கின் மூலையில் பதினோரு ஆண்டாகத் தூசி படிந்து கிடந்த ஒரு பெட்டியைத் தாமே தூக்கிவந்தார். பழைய கிருமிக்கொல்லி மருந்துகள், எல்லாமே காலாவதியானவை. "வேற எதுவும் இல்ல," என்றார். "இதைச் செய்யுற கம்பெனிங்களையே மூடியாச்சு."

குழந்தையின் தாய் வேலம்மை உப்பளத்தில் வேலை செய்பவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"கடலுக்குக் கொண்டு போனா பொழைச்சுக்குவாளா?"

"தெரியலம்மா. இங்க இருந்தா பொழைக்க மாட்டா. அதுதான் தெரியும்."

"நமக்கு என்ன ஆகும்?"

"காய்ச்சல் வரும். எவ்வளவு வரும்னு சொல்ல முடியாது."

வேலம்மை குழந்தையைத் துணியில் சுற்றினாள். "நடங்க," என்றாள்.

அமலோற்பவத்தின் கணவர் சவரிமுத்துவின் விசைப்படகு காலை ஏழு மணிக்குக் கிளம்பியது. அமலோற்பவமும் ஒரு தூக்குவாளி நிறைய மாவைக் கரைத்து எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். தன் கை விஷயத்தைத் தானே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவள் பிடித்த பிடியில் நின்றாள்.

ஆவுடைச்செல்வி எண்மணமானியை மடியில் வைத்திருந்தாள். உள்ளங்கை அகலக் கண்ணாடி. அதில் ஒரு துளியை வைத்தால், கிருமிகள் தங்களுக்குள் விடும் எண்மணத்தை ஒளிப்புள்ளிகளாகக் காட்டும். ஊருக்குள் யார் தொண்டையிலிருந்து எடுத்து வைத்தாலும் அது இருட்டுதான். அந்த இருட்டைப் பார்த்துச் சரி என்று எழுதிவைப்பதே பதினோரு ஆண்டாக அவள் உத்தியோகம். குழந்தையின் கழிவுத் துணியிலிருந்து ஒரு துளியை அதில் வைத்தாள்.

கரை கோடாகத் தேய்ந்தது. பிறகு கோடும் இல்லை. பன்னிரண்டு கடல்மைல் தாண்டியதும், "இனிமே உங்க புகை எட்டாது மேடம்," என்று சவரிமுத்து இயந்திரத்தை அணைத்தார்.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வேலம்மை ஆவுடைச்செல்வியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒரு புள்ளி எரிந்தது. வெளிர்நீலமாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குச் சிறியது. பக்கத்தில் இன்னொன்று எரிந்தது. முதல் புள்ளி பதில் சொல்வதுபோல் கொஞ்சம் பெரிதாயிற்று. மூன்று, ஐந்து, பன்னிரண்டு. நாற்பது வரை எண்ணிய ஆவுடைச்செல்விக்கு அதற்குமேல் முடியவில்லை. அவை அவளைவிட வேகமாக எண்ணின. கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒளி ஊர்ந்து வந்து சேர்ந்தது.

அவளுக்கு மெய்சிலிர்த்தது. மனிதனுக்கு முன், மீனுக்கு முன், இந்தக் கடலில் ஒரு பாசிகூட மிதப்பதற்கு முன் தோன்றிய பேச்சு இது. யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பதும், இருக்கிறோம் என்று சொல்வதும் மட்டுமே அதில் உண்டு. முந்நூற்றைம்பது கோடி ஆண்டுகள் இடைவிடாமல் நடந்த அந்த உரையாடலை இவள் ஊர் ஒரு புகைக்குழாயால் வெட்டி வைத்திருந்தது. அதைச் சாதனை என்று விழா எடுத்தபோது அவளும் மேடையில் உட்கார்ந்திருந்தாள். இப்போது கண்ணாடியைப் பிடித்தபடி தேம்பித் தேம்பி அழுதாள். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெரிதாக ஒரு மகிழ்ச்சியும் இருந்தது.

கொஞ்சம் தெளிந்ததும் கண்ணாடியைத் துடைத்துத் தன் எச்சிலில் ஒரு துளி வைத்தாள். முழுக் கண்ணாடியும் ஒரேயடியாகப் பற்றி எரிந்தது. அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாலையில் அமலோற்பவம் தூக்குவாளியின் மூடியைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிட்டுப் பலகையில் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தொட்டு மோந்து பார்த்தாள். புளித்த வாசம். "எங்க போயிருந்தியடா இத்தனை நாளும்," என்று மாவைப் பார்த்துக் கேட்டாள்.

படகின் பானையில் சவரிமுத்துவின் தயிர் இருந்தது. வேலம்மையிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, ஆவுடைச்செல்வி அமலோற்பவத்திடம் திரும்பினாள்.

"அக்கா, அந்தத் தயிரை விரலால தொட்டுக் குழந்தை உதட்டுல லேசா வைங்க."

அமலோற்பவம் பழக்கதோஷத்தில் கைகழுவத் தண்ணீரைத் தேடினாள்.

"கழுவ வேண்டாம்."

அமலோற்பவம் திகைத்துப் பார்த்தாள். கேண்டீனில் கை கழுவாததற்காக இதே ஆவுடைச்செல்வியிடம் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது ஒரு தடவையா, இரண்டு தடவையா. "நீங்கதான் சொல்லுதீங்களா?" என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் விரலை நீட்டினாள். குழந்தை சப்புக் கொட்டியது.

இரண்டாம் நாள் காலையில் ஆவுடைச்செல்விக்குக் காய்ச்சல் வந்தது. பதினோரு ஆண்டுகளில் முதல் காய்ச்சல். பல் கிட்டும் குளிரில் அவள் வலைக்குவியலின் மேல் சுருண்டு கிடந்தாள். வேலம்மைக்கு லேசாகத்தான் வந்தது. அமலோற்பவத்துக்கு நூற்று நான்கு. காலாவதியான மாத்திரைகளை விழுங்கினார்கள். அவை வேலை செய்தனவோ என்னவோ. சவரிமுத்து மட்டும் ஒன்றும் ஆகாமல் எல்லாருக்கும் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

"உங்களுக்கு ஏன் வரல?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டாள் ஆவுடைச்செல்வி.

"எனக்கா? முதல்ல வந்துச்சு. இப்ப எப்பவாவது மேலு கொஞ்சம் காயும், ரெண்டு நாள்ல போயிரும். கடல்காய்ச்சல்னு நாங்க சொல்லுவோம். படகுக்காரங்க எல்லாத்துக்கும் உண்டு."

"இதை ஏன் ஆஸ்பத்திரியில சொல்லல?"

"கரைக்கு வந்தா சரியாயிருது. அங்க வந்து என்னன்னு சொல்ல?"

கடலில் அவ்வப்போது விழித்து எண்ணிக்கொள்ளும் கிருமிகளோடு படகுக்காரர்களின் உடம்பு சண்டை போட்டுப் பழகியிருந்தது. ஒருமுறை பழகிய உடம்பு அவற்றின் முகத்தை மறப்பதில்லை. ஊரிலேயே அவர்களுக்கு மட்டும்தான் தூண் தேவையில்லை. பதினோரு ஆண்டுகளில் எந்த ஆராய்ச்சியாளரும் ஒரு மீன்காரரிடம் சும்மா நலம் விசாரித்ததுகூட இல்லை.

நான்காம் நாள் மதியம் வேலம்மை கூப்பிட்டாள். காய்ச்சல் விட்ட தெம்பில் ஆவுடைச்செல்வி தவழாத குறையாக எழுந்து போனாள். குழந்தையின் துணியிலிருந்து நல்ல நாற்றம் வந்தது. நெய்தலூரில் சில மாதங்களாகப் பிறந்த எந்தக் குழந்தையின் துணியிலிருந்தும் வராத, மஞ்சள் மஞ்சளான, முழுமையான நாற்றம். மூன்று பெண்களும் அதை மாறி மாறி மோந்து பார்த்தார்கள். வயிறு இளகியிருந்தது. மீன் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்ததில் அறுபது கிராம் கூடியிருந்தது.

ஆறாம் நாள் கரையிறங்கியதும், ஆவுடைச்செல்வி குழந்தையை நேராக ஒரு தூணின் அடியில் கொண்டுபோய்ச் சோதித்தாள். ஞானதுரையும் நர்சுகளும் சூழ்ந்து நின்றார்கள். எண்மணமானியில் நீல ஒளி தளும்பியது. குடியேறி வீடு கட்டிவிட்டவை தூணின் பேச்சை இனி நம்பப்போவதில்லை. தூண் தன்பாட்டுக்குப் புகையை விட்டுக்கொண்டிருந்தது.

ஞானதுரை அன்றைக்கே கணக்குப் போட்டார். தூண்களை நிறுத்தவோ வீச்சைக் குறைக்கவோ முடியாது; கிருமிகள் இப்போது இருக்கும் எண்ணிக்கையில் ஊரே ஒரே நாளில் படுத்துவிடும். கைவசம் உள்ள படகுகளில் நாளொன்றுக்கு நாற்பது பேரைக் கடலுக்கு அனுப்பி, காய்ச்சல் வரவைத்து, தேற்றித் திருப்பிக் கொண்டுவரலாம். குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் முதலிடம். இரண்டு லட்சம் பேருக்கும் முடிய ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை தூண்கள் இருந்தே ஆகவேண்டும்.

நோய்த்தொற்றுத் தடுப்பு அதிகாரியான ஆவுடைச்செல்வியின் பொறுப்பில், நெய்தலூர் துறைமுகத்தில் முதல் தொற்றுப் படகு நின்றது. பாயும் தலையணையுமாகச் சனங்கள் வரிசையில் நின்றார்கள். படகின் நுழைவில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தது: 'கை கழுவாமல் உள்ளே வரவும்.' மருத்துவமனையின் எல்லா வாசல்களிலும் இருபது ஆண்டுகளாகத் தொங்கும் 'கை கழுவி உள்ளே வரவும்' பலகையை எழுதிய அதே ஓவியர்தான் இதையும் எழுதினார். எழுதுவதற்கு முன் மூன்று முறை போன் செய்து கேட்டுக்கொண்டார்.

ஊருக்கு முன்மாதிரியாக வரிசையில் முதல் ஆளாக நின்றவர் ஞானதுரை. ஆவுடைச்செல்வி வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பார்த்து அனுப்ப வேண்டும். அவர் கையை நீட்டினார். விரலிடுக்கில் ஈரம் இருந்தது. சோப்பு வாசம் வந்தது.

அவர் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு விழித்தார். "வீட்டை விட்டு இறங்கும்போது... என்னையறியாம..."

"பரவால்ல சார்," என்றாள் ஆவுடைச்செல்வி, அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டபடி. "நாளைக்கு வாங்க."