வீடு நாலே முக்கால் கிலோமீட்டர்

மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில்தான் நின்றது. ஆனால் அதன் கைப்பிடியில் பூட்டியிருந்த எந்திரத்தில் எண் குறைந்திருந்தது. ஹெப்ரான் காபி டம்ளரை வாசல்படியில் வைத்துவிட்டு மறுபடி குனிந்து பார்த்தான். இந்த வாசலிலிருந்து, அதில் குறித்திருந்த ஓர் இடத்துக்கு, ஒரு வாரமாக நாற்பத்தொன்று புள்ளி மூன்று என்று ஆணி அடித்த மாதிரி இருந்த தூரம், இந்தச் சனிக்கிழமைக் காலையில் நாற்பத்தொன்று புள்ளி இரண்டு என்றது.

கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன், எதற்கும் ஒரு காரணம் தயாராக வைத்திருப்பான். பக்கத்தில் வந்து நின்ற எட்டு வயது மகள் எப்சிக்கு உற்சாகமாக விளக்கினான். மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்களைக் கேட்டுத்தான் இது நாம் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. மற்ற நாட்டுக்காரன் குறிபார்த்துவிடக் கூடாது என்று அமெரிக்க ராணுவம் நூறு மீட்டர் வரைக்கும் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்புகிறது. அதனால் எண் கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

"ஆடுனா கூடவும் செய்யணும்லா?" என்றாள் எப்சி. அவளுக்குப் பொன்னுக்குவீங்கி வந்து கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. "குறைஞ்சுகிட்டேதாம்பா இருக்கு."

ஹெப்ரானுக்கு வழி கேட்பது என்றால் ஆகாது. லீவு நாளில் புல்லட்டை எடுத்துக்கொண்டு மலையடிவாரமெல்லாம் சுற்றுகிற ஆள், வழி தவறினால் பத்து மைல் சும்மா ஓட்டுவானே தவிர, டீக்கடையில் நிறுத்தி ஒரு வார்த்தை கேட்க மாட்டான். கேட்டால் வாய் தேய்ந்தா போய்விடும் என்று மனைவி சாலோமி கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவனுக்காகத்தான் கப்பலில் வேலைபார்க்கும் அவள் தம்பி நேசையா சிங்கப்பூரிலிருந்து இரண்டு ஜிபிஎஸ் எந்திரங்களைக் கொண்டுவந்திருந்தான். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து ஒன்றை அத்தான் வைத்துக்கொள்ளலாம். மற்றதைச் சனிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துப்போவான்.

ஒன்று புத்தம் புதிது. கைக்குள் அடங்கியது. ஆனால் வெயிலில் திரை தெரியவில்லை. பொத்தான்கள் பொடிப்பொடியாக இருந்ததால் கையுறை போட்ட விரலுக்கு அகப்படவில்லை. பேட்டை ரோட்டுக் குழிகளில் பாட்டரி குலுங்கி அடிக்கடி அணைந்துவிட்டது. மற்றது பழசு, மூலையெல்லாம் சிராய்ப்பு. ஆனால் திரை அகலம், மழைக்குத் தாங்கும், கைப்பிடியில் பூட்டக் கவ்வியும் கூடவே வந்தது. அந்தக் கவ்வியின் இடுக்கில் கிழிந்த ரப்பர் துணுக்கும் ஆற்று மணலும் ஒட்டியிருந்தன. பழைய பல் பிரஷ்ஷால் சுத்தம் பண்ணினான். மறுநாள் பார்த்தால் மறுபடியும் மணல் இருந்தது.

யாருடையது என்று கேட்டபோது நேசையா கொஞ்சம் தயங்கித்தான் சொன்னான். நம்ம பக்கத்துப் பையன் ஒருவன் அங்கே வேலைபார்த்தானாம், அவன் சாமான்களை யாரோ பழைய கடையில் போட்டுவிட்டார்களாம்.

"ஊருக்குப் போவணும், வீட்டுக்குப் போவணும்னே கெடந்தானாம் அத்தான். ஒரு நாள் பைக்கு மட்டும் ஆத்தோரம் கெடைச்சுது. ஆளு கெடைக்கல."

அதற்குமேல் ஹெப்ரான் கேட்கவில்லை. திரை அவ்வளவு தெளிவாக இருந்தது.

பழையதில் ஒரே ஒரு இடம் குறித்துவைக்கப்பட்டிருந்தது. 'வீடு' என்று ஆங்கில எழுத்தில் அதற்குப் பெயர். வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் அது பாபநாசத்தைத் தாண்டி, ரோடும் இல்லாத கூரையும் இல்லாத மலைச்சரிவில் போய் விழுந்தது. அதை அழிக்காமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டு எந்திரங்களையும் ஒப்பிட இரண்டிலும் ஒரே இடம் இருக்க வேண்டும். ஆகவே அந்த எண்களையே புதியதிலும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டிவைத்தான். வாரம் முழுக்க இரண்டும் ஒரே தூரத்தைத்தான் சொல்லின. போகிறபோக்கில் வேறு சிலவற்றையும் அளந்தான். பேட்டை வீட்டிலிருந்து கொக்கிரகுளம் ஆற்றுப்பாலம் ரோட்டில் ஆறு கிலோமீட்டர், நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில் நாலே முக்கால். இதைச் சாலோமியிடம் சொல்லிப் பெருமையடித்தபோது, அப்படியே நூல் பிடித்து நடந்து காலேஜுக்குப் போங்கள், பெட்ரோல் மிச்சம் என்றாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பழையதுதான் என்று முடிவு செய்து புல்லட்டில் பூட்டினான். அதற்கு முன்னால் அது ஒரு வாரமும் சட்டைப்பையில்தான் போய்வந்தது. மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் ஏறியது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை சாலோமி பத்தாம் வகுப்புக்குத் தனி வகுப்பு எடுக்கப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். அவள் தெருமுனை திரும்பும்போது எண் முப்பத்தைந்து. ஹெப்ரான் பாட்டரியைக் கழற்றினான். அரை மணி நேரம் கழித்துத் திரும்பப் போட்டபோது, அந்த அரை மணிக்கு எவ்வளவு குறைய வேண்டுமோ அவ்வளவு குறைந்திருந்தது. கெட்டுப்போன சாமான், தலைமுழுகிவிடலாம் என்று புதியதை ஜன்னல் விளிம்பில் வைத்து இயக்கினான். அதுவும் அதே எண்ணைச் சொன்னது. தன் கையால் தட்டிய எண்களைத் தேடிப் பார்த்தான். கடைசி இலக்கங்கள் வேறாக இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒன்று மாறியது.

மத்தியானம் பதினெட்டு. ஸ்கேல் பாபநாசத்துக்கும் பேட்டைக்கும் நடுவில், முக்கூடலில் போய் நின்றது. கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருந்திருக்கலாம். மணிக்கு நாலு கிலோமீட்டர், மனிதன் நடக்கிற வேகம்.

கரண்ட் போனது அப்போதுதான். தொழிற்பேட்டையில் காலையிலிருந்து கறுமுறுவென்று இரும்பைச் சீவிக்கொண்டிருந்த கடைசல் எந்திரங்கள் ஒவ்வொன்றாக முனகி ஓய, மின்விசிறி மூன்று சுற்றுச் சுற்றி நிற்க, மழை இறங்காமல் மூடிக்கிடந்த கார்த்திகை வானத்தின் சாம்பல் வெளிச்சம் சிமெண்டுத் தரையில் அப்பிக்கொள்ள, எங்கிருந்தோ ஜன்னல் வழியாகப் பாசியும் சேறும் கலந்த ஆற்று வாடை பையப் பைய உள்ளே வந்தது. ஆறு அந்த வீட்டுக்கு அருகில் இல்லை. தெருவில் நாய்கள்கூடச் சத்தமில்லாமல் மேற்குப் பக்கம் பார்த்து நின்றன.

எப்சி கட்டிலில் கிடந்தபடியே கேட்டாள். "யாருப்பா வாராங்க?"

யாரும் இல்லை என்றான். குரல் அவன் குரலாக இல்லை.

எண் ஒன்பதுக்கு வந்தபிறகு நடை ஓட்டமானது. ஆறு. ஐந்து. அவன் மூளை இன்னும் வேலைசெய்தது, அதுதான் அவனுக்குப் பெருமை. வருவது தன் சாமானைத் தேடி வருகிறது. அந்த மணலும் கவ்வியும் சிராய்ப்பும் அதனுடையவை. அப்படியானால் அந்தச் சாமான் இந்த வீட்டில் இருக்கக் கூடாது, பிள்ளை இருக்கிற வீட்டில் இருக்கவே கூடாது. வீங்கிய கழுத்தோடு அவளை ஈரக் காற்றில் கூட்டிப்போக முடியாது. கூட்டிப்போனால் அதை அவளுக்குப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போவதாகும். அடுத்த வீட்டுப் பிரம்மநாயகியைச் சுவருக்கு மேலாகக் கூப்பிட்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். உலையை இறக்கிவிட்டு வருகிறேன் என்றாள் அவள்.

"உள்ள தாப்பாள் போட்டுக்கோ. அம்மா, நான், பக்கத்து வீட்டு அத்தை. வேற யாரு கூப்பிட்டாலும் தொறக்கக் கூடாது."

எப்சி தலையை ஆட்டினாள். புதிய எந்திரம் ஜன்னலில் கிடந்தது. சாயங்காலம் நேசையாவோடு போகப்போகிற சாமான். அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது எண் ஒன்றரை. கிழக்கே விரட்டினான். டவுண் நெரிசலில் சைக்கிள்களுக்கு நடுவே புகுந்து புகுந்து போனான். எண் கூடியது. இரண்டு. இரண்டரை. கூடினால் நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. பின்னால் வருகிறதா, வரவில்லையா? கண்ணாடியில் பார்க்கத் தைரியமில்லை. மூன்று. நாலு. ஜங்ஷன். தூறல் விழுந்தது. கொக்கிரகுளம் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தினான்.

கீழே செம்மண் நிறத்தில் தாமிரபரணி நிறைந்து போய்க்கொண்டிருந்தது. எண் அசையாமல் நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது நின்றுவிட்டது, தன்னைத் தவறவிட்டுவிட்டது என்று நினைத்தபோது ஹெப்ரானுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. திருகாணியைக் கழற்றி, கவ்வியோடு சேர்த்து எந்திரத்தை ஆற்றில் வீசினான். விழுந்த இடத்தில் ஒரு குமிழிகூட வரவில்லை.

வண்டியை உதைத்துக் கிளப்பிய பிறகுதான், கடைசியாகத் திரையில் பார்த்த எண் அவனுக்கு உறைத்தது.

நாலே முக்கால்.

பாலத்திலிருந்து நூல் பிடித்தால் வீடு. எப்படித் திரும்பினான் என்று தெரியாது. ரதவீதி. யாரோ திட்டினார்கள். செருப்பு ஒன்று இல்லை. தூறல் கண்ணில் குத்தியது. ஆண்டவரே, பிள்ளை. ஆண்டவரே, பிள்ளை. வேறு ஜெபம் வரவில்லை.

பிரம்மநாயகி தன் வீட்டு வாசலில் நின்று முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முறம் நின்றது.

"என்ன சார், மறுபடியும் வெளிய போனீங்களா? அப்பமே வந்துட்டீங்களே. பிள்ளைதான் கதவத் தொறந்துவிட்டா. உள்ள பேச்சுச் சத்தம் கேட்டுச்சு, அதான் நான் வரல."

பேசிக்கொண்டே வந்தவள் புல்லட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், முறத்தோடு பின்னால் நகர்ந்தாள்.

கதவு திறந்திருந்தது. படியில் மணல். கூடத்தில் மணல். ஈர மணல், காலடி காலடியாக. ஆற்று வாடை.

உள்ளறையில் எப்சி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த உறவுக்காரரிடம் பேசுகிற மாதிரிப் பதவிசாக. பேசுவாள், நிறுத்துவாள், கேட்பாள்.

அவன் உள்ளறை வாசலுக்கு வந்தான்.

இருட்டில் அவள் மடியில் புதிய எந்திரம் பச்சையாக ஒளிவிட்டது. கான்கிரீட் கூரைக்கு அடியில் அதற்கு வானம் தெரியாது. ஒன்றும் காட்டக் கூடாது. காட்டியது. 'வீடு'. அதற்குக் கீழே பூஜ்யம்.

"அப்பா வந்துட்டாங்க" என்றாள் எப்சி, அவனிடம் இல்லை. பிறகு அவனைப் பார்த்தாள். "இவங்க வழிய யார்ட்டயும் கேக்கவே இல்லையாம்பா. நீங்க எழுதி வச்சிருந்ததப் பாத்தே வந்துட்டாங்களாம். இனிமே எங்கயும் போவ மாட்டாங்களாம்."

கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. மெத்தை மட்டும் ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியிருந்தது. அந்தப் பள்ளத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. எப்சியின் இடது கை அந்தப் பக்கம் நீண்டிருந்தது. பெரிய கை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்ட மாதிரி, அவள் விரல்கள் நாலும் ஒன்றோடொன்று நெருங்கி, நுனி வெளுத்துப் போயிருந்தன.