காற்றுப் படாத அறை

"பாத்ரூம் வெண்டிலேட்டரை மட்டும் அடைச்சிராதீங்கன்னு கீசர் மாட்டுன ஆளு தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னான் மதினி, நீங்க என்னடான்னா சேலையத் திணிச்சு..."

"சொல்லுவான், சொல்லுவான். அவனா பிள்ளை பெத்தான்? பச்சை உடம்புக்காரி மேல காத்துப் பட்டா ஜன்னி கண்டுரும், தம்பி."

"கேஸ் எரியக் காத்து வேணும். இல்லாட்டி விஷப்புகை உள்ளேயே நிக்கும். மூஞ்சி செவந்து செத்துக் கிடப்பாங்களாம். வாடைகூட வராது."

"வாடையில்லாத புகையா! நல்ல கதை. தொட்டில்ல கிடக்கான் பாருங்க, உங்க மகன்கிட்டச் சொல்லுங்க."

அழகுபாண்டி சிரிக்கவில்லை. "சேலைய உருவிட்டுக் குளிக்க வைங்க" என்று சொல்லிவிட்டு, மருந்து வாங்க விளாங்குடி முக்குக்கு வண்டியை எடுத்தான். தாமரைச்செல்வி தலையை மட்டும் ஆட்டினாள். சேலையை எடுக்கவில்லை.

தங்கை பாண்டிமீனாவுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு வெளியே வந்தபோதே தாமரைச்செல்விக்கு நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறித்தது. சண்டை போட்ட தலைவலி என்று நினைத்துக்கொண்டாள். மேலுக்கு நானே ஊற்றிக்கொள்கிறேன் என்று மீனா கதவைத் தாழிட்டுக்கொள்ள, இவள் தொட்டிலை ஆட்டியபடி, வாளியில் வெந்நீர் விழும் சத்தத்தையும் அதற்குப் பின்னால் விடாமல் இரைகிற கீசரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மஞ்சளும் சாம்பிராணியும் மணக்கிற அந்தக் காலையில் மூக்கை விடைத்து மோந்து பார்த்தாள், கேஸ் வாடை துளிகூட இல்லை. இருந்தும் எழுந்து கதவருகே போனாள்.

"மீனா?"

"ம்."

பிள்ளை சிணுங்கி அடங்கினான்.

"போதும்டி, வா."

பதில் வர நேரமானது. "ம்ம்..."

சொம்பு விழுந்தது. உருண்டது. நின்றது.

தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. வாளி நிரம்பி வழிந்தது. கதவடியில் கசிந்த வெந்நீர் அவள் கால்விரலைத் தொட்டது.

"மீனா!"

வாசலில் வண்டிச் சத்தம். அழகுபாண்டி ஓடிவந்தான். தோளால் ஓர் இடி. இன்னொன்று. தாழ் தெறித்தது.

நீராவி. கீசருக்குள் மஞ்சளாக ஆடும் சுடர். மேலே, ஓட்டையில், அசையாத சேலை. சுவரில் சாய்ந்தபடி மீனா. கண் பாதி திறந்து.

வெளியே தூக்கிவந்து கிடத்தினான். மூக்கருகே விரலை வைத்தான். வைத்த விரலில் மூச்சுப் படவில்லை.

பிள்ளை பெற்றதிலிருந்து வெளுத்துக் கிடந்த முகம். இப்போது செக்கச்செவேலென்று.

தாமரைச்செல்வி துண்டை எடுத்தாள். தங்கையின் காதுகளைச் சுற்றிக் கட்டினாள். காற்றுப் படாமல். இறுக்கி.

"கன்னத்துல எம்புட்டு ரத்தம் ஊறியிருக்கு பாருங்க தம்பி."