ஏழாவது கேள்வி

"யாருக்கோ வியாதி... எனக்கு எதுக்குங்க ஊசி?"

குரல் கேட்டு நிமிர்ந்தாள். மழையில் நனைந்த தலை, காலரில் ஒட்டிய முடித்துணுக்குகள்... சலூன்காரன். கண்கள்தான் வம்பு. கோபத்திலும் சிரித்துத் தொலைத்தன.

"ரத்தத்துல பரவற ஹெபடைடிஸ் பி கிருமி வராம இருக்க, பிளேடு பிடிக்கிறவங்க எல்லாருக்கும் ஊசி. இன்னிக்கு ஒண்ணு, அடுத்த மாசம் ஒண்ணு, ஆறு மாசம் கழிச்சு கடைசி."

"அந்த வியாதிக்காரங்க என் கடைப் பக்கம் வராம இருந்தாலே போதுமே!"

பேனா நின்றது. சுகாதார நிலையத்துப் பதிவு மேசையில் எத்தனை பேச்சு கேட்டிருக்கிறாள்... இது மட்டும் ஏன் சுருக்கென்று தைக்கிறது? அந்தக் கிருமி அவளுக்கே இருந்தது. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்தது. பேசி முடித்த கல்யாணம் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டில் முறிந்தது. அன்றே அண்ணி அவள் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டாள்.

"ஏழாவது கேள்வி. வீட்ல யாருக்காவது இந்தக் கிருமி இருக்கா?"

"வீட்ல நானும் என் நிழலும்தான். இல்லைன்னு போடுங்க."

போட்டாள்.

அடுத்த மாதம் வந்தவன் குரலே மாறியிருந்தது.

"நீங்க குடுத்த நோட்டீஸை நாலு தடவை படிச்சேங்க. ஒரே டம்ளர்ல குடிச்சாக்கூட வராதாமே! அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். இப்ப ஆளுக்கொரு புது பிளேடு. நோட்டீஸைக் கண்ணாடியிலயே ஒட்டிட்டேன்."

"அடேயப்பா! திருந்திட்டீங்களே."

"திருத்தினது யாராம்?"

அந்தப் பார்வை... ஐயோ, வேண்டாம். முளையிலேயே கிள்ளிவிட வேண்டும்.

"எனக்கே இருக்கு," என்றாள். "நீங்க சொன்ன வியாதிக்காரங்கள்ல நானும் ஒருத்தி."

அவன் முகம் வெளுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"அடுத்த ஆள்!" குரலை உயர்த்தினாள். வெறுப்புக்குப் பழகிவிட்டாள். பரிதாபத்தை மட்டும் தாங்க முடியாது.

அவன் ஊசி போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனான்.

ஐந்து மாதம். தனி டம்ளரைக் கழுவித் தனியாகக் கவிழ்த்தாள். மூன்றாவது ஊசிக்கான தேதி கடந்து நாலு நாள் ஆயிற்று. ஊசி விட்டுப்போகக் கூடாதே என்றுதான் வாசலைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். பச்சைப் பொய்.

ஐந்தாம் நாள் வந்தான். இளைத்திருந்தான்.

"உங்க முன்னாடி நிக்கவே வெட்கமா இருந்துச்சு. கடை பூரா கண்ணாடி... என் மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் அன்னிக்குப் பேசினது காதுல விழுது." மென்று விழுங்கினான். "ஃபாரத்துல ஒரு திருத்தம் இருக்குங்க. ஏழாவது கேள்வி. ஆமான்னு மாத்துங்க."

திக்கென்றது. "ஐயோ! வீட்ல யாருக்கு?"

"இன்னும் வீட்டுக்கு வரல... வருவாங்களான்னும் தெரியல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "பாவம் பாக்கறீங்களா?"

"பாவம் நான்தாங்க. அஞ்சு மாசமா தூக்கமில்ல."

அவள் சிரிக்கவில்லை. "எங்க வீட்லயே எனக்குத் தனி டம்ளர்."

"நம்ம வீட்ல ஒரே டம்ளர்தான் இருக்கு."

வெளியே மழை விடுவதாக இல்லை. "இந்த ஊசிக்கு அப்புறம்... ஒரு மாசம் கழிச்சு ரத்தம் பாக்கணும்," என்றாள். "பாதுகாப்பு வந்திருக்கான்னு..."

"பாத்துட்டு, சீட்டோட உங்க அண்ணிகிட்ட வரேன்."

'இல்லை'யை அடித்தாள். பக்கத்தில் 'ஆம்' என்று எழுதினாள்.

"எனக்கும் பிடிச்சிருக்குங்க," என்றாள், தலை நிமிராமலே. "சொல்லத்தான்... பயமா இருந்துச்சு."