உமாபதிக்கு மட்டும் கேட்ட குரல்

அந்த மூச்சை சுமித்ரா வெட்டி எடுத்திருந்தாள். அது எப்படித் திரும்ப வந்தது என்றுதான் தெரியவில்லை.

சித்தூரில், பழைய டயருக்கு ரப்பர் ஒட்டும் பட்டறைக்கு மேலே இருந்தது ஆர்கெஸ்ட்ராவின் ஒத்திகை அறை. மதிய வெயில் தகரக் கூரையைச் சுட்டுக்கொண்டிருக்க, சூடான ரப்பரின் வாடை மரத்தரையின் இடுக்கெல்லாம் வழிந்து மேலேறிக்கொண்டிருக்க, அவள் புதுக் கீபோர்டின் நடுக்கட்டை ஒன்றை அழுத்தினாள். ஸ்பீக்கரில் அக்கா தாட்சாயணியின் குரல் 'ஆ' என்று எழுந்தது. அது வரவேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால், பாடப் போகிற பெண் வாய்வழியாக இழுக்கும் சின்ன மூச்சும் கேட்டது.

அக்கா வீட்டில் பாடிப் பழகிய பழைய கேசட் ஒன்றிலிருந்து அந்த 'ஆ'வை மட்டும் பிடித்து, கீபோர்டுக்குள் ஏற்றி, ஃப்ளாப்பியில் பத்திரப்படுத்தியவள் சுமித்ரா. முதல் வேலையாக மூச்சை நறுக்கிவிட்டாள். மூச்சு இருந்தால் கட்டையை அழுத்திய கணத்தில் குரல் வராது, தாளத்துக்குப் பிந்தும்.

மறுபடி அழுத்தினாள். வெறும் 'ஆ'. இன்னொரு தரம். மூச்சு இருந்தது. முன்னைவிட நீளமாக.

கேசட் இரைச்சலாக இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பயப்படுவதற்காக அவள் சென்னை வேலையை விட்டு வரவில்லை.

தாட்சாயணி, உமாபதி நடத்திய ஆர்கெஸ்ட்ராவில் பாடியவள். வடமாலபேட்டைத் திருவிழாவில், பாட்டின் நடுவே, மேடையிலேயே செத்துப்போனாள். பொண்ணுக்கு வலிப்பு வரும், எங்களுக்குத் தெரியாமப் போச்சு என்று உமாபதி ஊரெல்லாம் சொன்னார். கங்காதர நெல்லூரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் வேலை செய்த அவர்களுடைய நைனா அதை நம்பினார். ஊரும் நம்பியது. வலிப்புக்காரி தங்கை என்று சுமித்ராவைக் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார் கூட வாசலோடு திரும்பினார்கள்.

அப்போது சுமித்ரா சென்னையில் இருந்தாள். வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கதவு திறந்துவிட்ட காலம். ஜப்பான் கீபோர்டுகள் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக வந்து இறங்கின. அப்படி ஒரு கடையில் வாசித்துக் காட்டுவது அவள் வேலை. அங்கேதான் ஒருநாள், மிக்சருக்கு உதிரிப் பாகம் வாங்க வந்த, உமாபதி ஆர்கெஸ்ட்ராவின் மைக்செட்டு ரங்கையா, டீக்கடை ஓரத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"வலிப்பெல்லாம் இல்லம்மா. அன்னிக்கி ஸ்பீக்கரு உம்முனு கத்திக்கினே இருந்துச்சு. எர்த் கம்பிய கயட்டுடா, சத்தம் நின்னுடும்னாரு உமாபதிண்ணன். வேணாண்ணா, மைக்ல ஷாக் அடிக்கும்னேன். பாட்டு முடியற வரிக்கும்தானடான்னாரு. ஒங்கக்கா ஒரு கையில மைக்க புடிச்சிக்கினு இன்னொரு கையால பந்த இரும்புக் கம்பத்த தொட்டுச்சும்மா. அவ்ளோதான்."

அடுத்த வாரமே சுமித்ரா சித்தூருக்கு வந்து உமாபதியிடம் வேலை கேட்டாள்.

"ரா அம்மாயி, வாம்மா," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒங்கக்கா எடம் ஒன்னுதுதான்."

தாட்சாயணியின் படத்துக்கு மாலை போட்டு ஒவ்வொரு மேடையிலும் முன்னால் வைப்பார் அவர். குரல் தழுதழுக்க இரண்டு வார்த்தை பேசுவார். ஜனம் அழும். அதற்காகவே கூப்பிட்டவர்கள் உண்டு. முதல் கச்சேரியிலேயே சுமித்ரா முடிவு செய்துவிட்டாள். இந்த மனிதன் ஜனங்கள் முன்னால், மைக்கில், தன் வாயால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

கீபோர்டு வாங்க அவரையும் ரங்கையாவையும் சென்னைக்கு அழைத்துப் போனதும் அவள்தான். உமாபதி விளக்குகள் மின்னும் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். "இது இன்னாம்மா, நூறு தாளம் தானாவே வாசிக்குது! இத்த எடுத்துக்கலாம்."

"அது வீட்ல வெச்சி வாசிக்கறதுண்ணா. கட்டை லேசு. வேகமா அடிச்சா எல்லாம் ஒரே சத்தம்தான் வரும்." பக்கத்தில், அலங்காரம் எதுவும் இல்லாமல் கறுப்பாகக் கனமாகக் கிடந்த ஒன்றை அவள் தொட்டுக் காட்டினாள். "இதுல மெதுவா தொட்டா மெதுவா வரும், அழுத்தினா அழும். வெளி சத்தத்த உள்ள ஏத்திக்கலாம். அவுட்டு நாலு இருக்குது. வயலினு ஒரு ஸ்பீக்கருக்கு, பியானோ இன்னொரு ஸ்பீக்கருக்குன்னு பிரிச்சி அனுப்பலாம்."

"எனுக்கு நீ சொன்னா சரி," என்றார் உமாபதி.

நான்கில் ஒன்று, பாடகர் தன் குரலைத் தானே கேட்பதற்காக மேடையில் அவர் காலடியில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்குப் போகும் என்பதை அவள் சொல்லவில்லை. அந்த ஒயரை ரங்கையா இழுத்துக் கொடுத்தான். எதற்கு என்று கேட்கவில்லை.

குடுபல்லியில் ஒரு கல்யாண வரவேற்பு. உமாபதி சரணத்தில் மூச்சு வாங்கிய இடைவெளியில் சுமித்ரா இடதுகைச் சுண்டுவிரலால் ஒரு கட்டையைத் தொட்டாள். சபைக்குக் கேட்கவில்லை. உமாபதிக்கு மட்டும் கேட்டது. அடுத்த வரி அவர் வாயிலேயே நின்றது. காலடியில் கிடந்த கறுப்புப் பெட்டியை, பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தபோது அவளுக்குப் பலநாள் பசி ஆறியதுபோல இருந்தது.

ஒவ்வொரு மேடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். உமாபதி மானிட்டரை மாற்றச் சொன்னார். ஒயர் மைக்கைக் கையால் தொட மறுத்து, பாட்டரியில் ஓடும் கார்ட்லெஸ் மைக் வாங்கிக்கொண்டார். கன்னம் ஒட்டிப்போயிற்று. படத்துக்கு முன்னால் பேசுவதை நிறுத்தினார்.

திருப்பதி கங்கம்மா அம்மன் ஜாத்திரைக்கு மேடை ஒப்புக்கொண்டிருந்த வாரத்தில், ஒரு மதியம், ஒத்திகை அறைக்குத் தனியாக வந்தார். உட்காரவில்லை.

"நீதான்னு எனுக்கு தெரியும்மா. கேசட்டு வெச்சிக்கினு பண்ற. ஆன்னு பாடறது... அது பரவால்ல. தாங்கிக்கினேன்." உதடு உலர்ந்து வெடித்திருந்தது. "அதுக்கு அப்புறம் வருதே, அந்த சத்தம். அத்த மட்டும் நிறுத்திடு."

"எந்த சத்தம்?"

"பல்லு பல்லோட அடிச்சிக்கினு... தொண்டையில கரகரன்னு... தெரியாத மாதிரி கேக்காத."

அவள் ஏற்றியது ஒரே ஒரு 'ஆ'.

"அது ஒனுக்கு எப்டிம்மா கெடைச்சுது?" உமாபதி அழுதேவிட்டார். "நீ அன்னிக்கி அங்க இல்லியே. மைக்கு அப்பவே செத்துப்போச்சு. எவனும் ரெக்கார்டு பண்ணல. பக்கத்துல நின்னுக்கினு இருந்த எனுக்கு மட்டுந்தான் அது கேட்டுச்சு."

கீழே பட்டறையில் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எதைக் கேட்க வந்தாளோ, அதைக் கேட்டாள். "ஜாத்திரை மேடையில ஏறி, செஞ்சத ஜனங்க முன்னாடி சொல்லுங்க. நிறுத்திடறேன்."

அவர் தலையாட்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

அவள் கீபோர்டை அணைத்தாள். இந்த ரகத்தில் கரண்ட் போனால் ஏற்றிய குரல் அழிந்துவிடும். மறுபடி ஃப்ளாப்பியிலிருந்துதான் ஏற்ற வேண்டும். ஃப்ளாப்பியை உருவினாள். அதன் தகட்டை நகர்த்தி, உள்ளே இருந்த பழுப்புநிறத் தாள்போன்ற வட்டை நகத்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். இதோடு போதும் அக்கா என்று முணுமுணுத்தாள். அவர் சொல்லப் போகிறார். போதும்.

கீழே எந்திரம் நின்றது. பட்டறைக்காரர்கள் சாப்பிடப் போயிருக்க வேண்டும். தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தம், எங்கோ ஒரு பஸ்ஸின் ஹார்ன், அதற்கும் அடியில், மூலையில், எதனோடும் இணைக்காமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த மானிட்டர் பெட்டிக்குள் இருந்து, வேறொரு சத்தம்.

மெல்ல. குளிரில் நடுங்குகிறவளின் பற்கள்.

அவள் செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கினாள்.

ஜாத்திரை அன்று பொழுது சாயும் நேரம். திருப்பதியின் அந்தத் தெரு முழுக்க வேப்பிலையும் கற்பூரமும் வெந்த மாவும் மணத்தன. முகத்தில் சந்தனமும் கரியும் குங்குமமும் பூசிய ஆண்கள், வேண்டுதலுக்காகச் சேலை கட்டி, பூ வைத்து, கூட்டம் கூட்டமாக ஆடிக்கொண்டு வந்தார்கள். பம்பை அடித்த அடியில் மேடையின் பலகை பாதத்துக்கடியில் அதிர்ந்தது. அம்மன் முன்னால் போட்ட மேடை என்பதால் எல்லோரும் வெறுங்காலோடுதான் ஏறியிருந்தார்கள்.

கீபோர்டில் பியானோவும் வயலினும் மட்டுமே இருந்தன. இரண்டு முறை பார்த்துவிட்டாள். எர்த் கம்பியை ரங்கையாவோடு நின்று தானே முறுக்கினாள். எதுவும் ஆகாது. அவர் சொல்லுவார். அவள் வீட்டுக்குப் போவாள்.

முதல் பாட்டு, தாட்சாயணி அன்று நடுவில் விட்ட அதே கங்கம்மா பாட்டு. உமாபதிதான் அதைக் கேட்டு வாங்கினார். பல்லவிக்கு முன்னால் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார். பம்பைகூட நின்றது.

"ஒரு விசயம் சொல்லணும்," என்றார். கார்ட்லெஸ் மைக்கை வாயருகே கொண்டுபோனார். "எங்க தாட்சாயணி... வலிப்புல சாவல. எர்த்த கயட்ட சொன்னது..."

சுமித்ராவின் கண் நிறைந்தது.

"...நான்தான்."

அவர் வாய் மூடவில்லை.

திறந்தபடியே இருந்தது. கண்கள் மட்டும் இப்படியும் அப்படியும் ஓடின. பிறகு அந்த வாயிலிருந்து ஒரு மூச்சு, நீளமாக, உள்ளே போயிற்று. அப்புறம் 'ஆ'.

அக்காவின் குரல்.

சுத்தமாக. சுருதி பிசகாமல். கேசட் இரைச்சல் இல்லாமல்.

சுமித்ரா ஒலிக்குமிழைக் கீழே இறக்கினாள். குறையவில்லை. ரங்கையாவைப் பார்த்தாள். அவன் மிக்சரிலிருந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக் கத்தினான். "எல்லாத்தயும் ஆஃப் பண்ட்டேம்மா! எதுலயும் கரண்ட் இல்ல!"

குரல் தெருமுனைவரை கேட்டது.

உமாபதியின் விரல்கள் மைக்கை இறுக்கி வெளுத்திருந்தன. தோள் துடித்தது. பற்கள் அடித்துக்கொண்டன, அதற்கு நடுவிலும் பாட்டு உடையவில்லை. அவர் ஜிப்பாவின் கழுத்திலிருந்து மெல்லிய புகை கிளம்பியது. முடி கருகும் நாற்றம். பாட்டரி மைக். ஒயரே இல்லாத மைக்.

"அம்மோரு ஒச்சேசிந்தி!" என்று கூட்டத்தில் ஒருத்தி அலறினாள்.

அவ்வளவுதான். தெருவே குலவையிட்டது. கைகள் தலைக்கு மேலே குவிந்தன. சேலை கட்டிய ஆண்கள் மண்ணில் விழுந்தார்கள். ஒரு ஆண்பிள்ளை உடம்பில் பெண்குரல் பாடுகிறது, அம்மன் இறங்கிவிட்டாள். யாரும் ஓடிவரவில்லை. பம்பை வெறிகொண்டு அடித்தது.

ஜனமே, அவரைப் பிடியுங்கள் என்று சொல்ல நினைத்தாள். கீபோர்டின் பிளக்கைக் காலால் உதைத்துப் பிடுங்கினாள். அதன் சின்ன வெளிச்சம் அணைந்தது.

பல்லவி முடிந்தது. இனி கீபோர்டு வாசிக்க வேண்டிய இடம்.

உமாபதியின் தலை திரும்பியது. மெதுவாக. உடம்பு முன்னாலேயே நிற்க, தலை மட்டும். அவள் பக்கம். பாடகிகள் வாத்தியக்காரரைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அவர் முகத்தில்.

சுமித்ராவின் விரல்கள் கட்டையில் இறங்கின.

அவள் இறக்கவில்லை.

பியானோ ஒலித்தது. எந்த ஸ்பீக்கரிலிருந்தும் இல்லை. விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல ஒரு கூச்சம். மணிக்கட்டு. முழங்கை. எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள். தோல் மட்டும் நீண்டது.

அக்கா. நான்தானே. சுமி.

உமாபதியின் வாய் அடுத்த சரணத்தைத் தொடங்கியது.

அப்போது அம்மனுக்கு உடம்பு கொதிக்கிறது என்று சொல்லி, பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடங்களோடு மேடைப் படியேறினார்கள். முதல் குடம் அவர் தலையில் கவிழ்ந்தது. சீறியது. இரண்டாவது. மூன்றாவது. குலவை நிற்கவே இல்லை. மஞ்சள் தண்ணீர் வேப்பிலைகளைச் சுமந்துகொண்டு, பலகையின் மேடு பள்ளம் பார்த்து, அவசரமே இல்லாமல், அவளுடைய வெறும் பாதங்களைத் தேடி வந்துகொண்டிருந்தது.