பானெட்டுக்கு அந்தப் பக்கம்

சாக்கைப் பிரித்து வெளியே எடுத்தபோது ஆல்டர்நேட்டர் வெதுவெதுப்பாக இருந்தது. காலையில் பழைய சாமான் கடையில் வாங்கி, நாள் முழுக்க ஷெட்டின் ஈரத் தரையில் கிடந்த இரும்பு. கணக்கு வாத்தியார் இரண்டு கையாலும் புரட்டிப் பார்த்தார். "முன்பக்கம் நசுங்கிப்போன வண்டி சார், ஓட்டினவரும் அங்கேயே போயிட்டாரு, இதுல மட்டும் ஒரு கீறல் இல்ல" என்று கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. வெதுவெதுப்பு மனப்பிரமை என்று வேலையில் இறங்கினார்.

வேறு வழியும் இல்லை. மனைவிக்கு நிறைமாதம். ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரப் பயணம். வாடகைக் கார் எட்டியும் பார்க்காத மூலையில் வீடு. இந்த நேரம் பார்த்தா வண்டி காலை வார வேண்டும்? நேற்று வரும் வழியெல்லாம் ஹெட்லைட் மங்கிக்கொண்டே வந்தது. எஞ்சின் ஓடும்போது பதினாலு வோல்ட் காட்ட வேண்டிய மீட்டர் பதினொன்றரையிலேயே படுத்துவிட்டது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் போய்விட்டது.

"மெக்கானிக்கக் கூப்பிடுங்களேன்" என்றாள் மனைவி.

"நாலு போல்ட்டு, ஒரு பெல்ட்டு. இதுக்குப் போய் மெக்கானிக்கா?"

"குழாயச் சரி பண்ணப்பவும் இதத்தான் சொன்னீங்க. வீடு மிதந்துச்சு. சரி, மாட்டினதும் குரல் கொடுங்க. நான் வந்து ஆக்ஸிலேட்டர மிதிக்கிறேன்."

பேட்டரி வயரைக் கழற்றி, பெல்ட்டைத் தளர்த்தி, பழையதை இறக்கிப் புதியதை ஏற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தகரக் கூரையில் மழை சடசடத்தது. ஷெட்டின் உள்சுவருக்கும் வண்டியின் மூக்குக்கும் நடுவே, கிரீஸ் நாற்றத்திலும் சொந்த வியர்வை நாற்றத்திலும் குனிந்து நின்றிருந்த வாத்தியாருக்கு, தூக்கி நிறுத்திய பானெட்டைத் தவிர எதிரே எதுவும் தெரியவில்லை.

"மாட்டியாச்சு, வாம்மா!"

சற்று நேரத்தில் கார்க் கதவு திறந்தது. ஆள் உட்கார்ந்த கனத்தில் வண்டி லேசாக இறங்கியது. கதவு சாத்திக்கொண்டது.

"ஸ்டார்ட் பண்ணு."

எஞ்சின் ஒரே உறுமலில் பிடித்தது. பேட்டரியில் மாட்டியிருந்த மீட்டர் பதினாலைத் தொட்டது. அப்பாடா! வாத்தியாருக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது.

"லைட்டப் போடு."

சுவர் வெளுத்தது.

"பாத்தியா? மெக்கானிக்காம், மெக்கானிக்கு!"

"ம்" என்றது அந்தப் பக்கம்.

அவ்வளவுதான். ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிக் கொடுக்கிறவள், வெறும் "ம்". பாவம், களைப்பாக இருக்கும்.

"கொஞ்சம் ரேஸ் பண்ணு."

எஞ்சின் இரைந்தது. மயிர் பொசுங்கும் வாடை வந்தது.

"போதும், கால எடு."

எடுக்கவில்லை. மீட்டரில் பதினைந்து. பதினாறு.

"கால எடும்மா!"

"ஏங்க..." குளியலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது. வீட்டுக்குள்ளிருந்து. அவளுடைய குரல். "பனிக்குடம் உடைஞ்சிருச்சுங்க. வண்டி ரெடியா?"

வாத்தியாரின் கையிலிருந்த ஸ்பானர் நழுவியது.

எஞ்சின் மெல்ல அடங்கியது. காத்திருப்பதுபோல.

இரண்டடி நகர்ந்தால் போதும். எட்டிப் பார்த்துவிடலாம். பானெட்டின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். கத்த வேண்டும். வராதே என்று கத்த வேண்டும். வாயைத் திறப்பதற்குள் காலடிச் சத்தம் கேட்டது.

பக்கவாட்டுக் கதவு வழியாக அவள் வந்தாள். பையைத் தோளில் போட்டு, வயிற்றைத் தாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு. முன்கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். வலியோடு சிரித்தாள்.

"டிரைவர் கிடைச்சுட்டாரா? நல்லவேளை. வாங்க, சீக்கிரம்."

பின்கதவைத் திறந்தாள்.

"ஏறாத!"

ஹார்ன் அலறியது. நீளமாக. அவர் குரல் அதில் கரைந்தது. கதவு சாத்திக்கொண்டது.

வண்டி பின்னால் நகர்ந்தது. பானெட் திறந்தபடியே.

ஓடினார். மழை. சேறு. வழுக்கி விழுந்தார். எழுந்தார். மறுபடி ஓடினார். கண் கூசும் இரண்டு விளக்குகள் தெருவில் பின்வாங்கிக்கொண்டே போயின. எதிலும் உரசவில்லை. அவசரமே இல்லை.

முனையில் வண்டி பக்கவாட்டில் திரும்பியது.

அப்போதுதான் தெருவிளக்கு வெளிச்சத்தில் உள்ளே தெரிந்தது. அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். முன்சீட்டிலிருந்து ஒரு கை பின்னால் நீண்டிருந்தது. முழங்கை தலைகீழாக மடங்கியிருந்தது. அந்தக் கை அவளுடைய வயிற்றைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது, மெதுவாக, தூங்க வைப்பதுபோல.