எங்கே நின்றாலும் பச்சை

ட்ரிங்... ட்ரிங்...!

இன்ஸ்பெக்டர் ரிசீவரை எடுத்தார்.

"சார்... என் மனைவியை லேப்ல யாரோ கொன்னுட்டாங்க!"

ஜீப் பறந்தது.

ஜன்னலே இல்லாத, கறுப்பு வண்ணம் பூசிய அறை. ஒளியை அளக்கும் இடம் என்பதால் விளக்கு அணைந்தே கிடந்தது.

இரும்பு மேஜையின் விளிம்பில் ரத்தம். கீழே அவள். நீட்டிய கையில் சின்னக் கண்ணாடித் தகடு. அதில் ஒரு கீறல்கூட இல்லை!

கணவர் வராந்தாவில் உடைந்து அழுதுகொண்டிருந்தார். அவருக்கும் இங்கேதான் ஆராய்ச்சி வேலை.

"முதல்ல பாத்தது நீங்கதானா?"

"ஆமா சார். ஒரே இருட்டு. வாசல்லயிருந்து செல்போன் லைட் அடிச்சேன். அவ கையில தகடு நீலமா மின்னுச்சு. கிட்ட ஓடினேன்... சிவப்பா மாறுச்சு. அவ அசையவே இல்ல சார்!"

இன்ஸ்பெக்டர் இறந்தவளின் ஆராய்ச்சி உதவியாளர் பெண்ணிடம் திரும்பினார்.

"தகடு நிறம் மாறுமாம்மா?"

"அது மேல இருக்கிற உலோகப் பூச்சுல, கண்ணுக்கே தெரியாத கோடிக்கணக்கான ஓட்டைங்க சார். வரிசையா போட்டா, நாம நகர நகர நிறம் மாறும். தாறுமாறா போட்டா, எங்க நின்னாலும் ஒரே நிறம்."

"இது எந்த ரகம்?"

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

இன்ஸ்பெக்டர் தன் செல்போன் வெளிச்சத்தைத் தகட்டின்மேல் வீசினார்.

வாசலிலிருந்து... பச்சை.

நடு அறையில்... பச்சை.

குனிந்தார். அப்போதும் பச்சை!

வெளியே வந்தார்.

"நீங்க அந்தத் தகட்டைப் பாக்கவே இல்ல சார்."

"பா... பாத்தேனே!"

"அது எங்கேயிருந்து பாத்தாலும் பச்சை. கண்ணால பாக்காத தகடு அவங்க கையில இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? இருட்டுல அவங்ககூட மல்லுக்கட்டினது நீங்கதானே?"

கணவரின் முகம் வெளிறியது.

"தள்ளத்தான் சார் செஞ்சேன்...! 'விடுங்க, கையில தகடு இருக்கு, உடைஞ்சிடும்'னா. அப்பவும் தகடுதான் அவளுக்குப் பெருசு! ஓட்டையைத் தாறுமாறா போடலாம்னு வருஷக்கணக்கா கத்தினேன். எல்லாரும் சிரிச்சாங்க. இவ அந்த வரிசையையே கட்டிக்கிட்டு அழுதா. நாளைக்குக் கூட்டத்துல அதைத்தானே காட்டப்போறா...!"

"ஐயோ சார்!" உதவியாளர் அலறினாள். "அது உங்க தகடு! நீங்க சொன்ன மாதிரியே மேடம் தாறுமாறா போட்டாங்க. நாளைக்கு உங்க பேர்லதான் காட்டப்போறாங்க. 'அவர்கிட்ட மூச்சு விடாதே, அப்போ அவர் முகத்தை நான் பாக்கணும்'னு சொல்லிச் சிரிச்சாங்களே...!"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

 

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"வாழ்த்துக்கள் சார். உங்க ஐடியா ஜெயிச்சிருச்சு... கை தட்ட வேண்டிய ஒரே ஆளைத்தான் நீங்க மிச்சம் வைக்கல!"