முப்பதாம் நம்பர் சீல்

திங்கள், காலை 8.17. வாக்கு இயந்திரம் தயாரிக்கும் கம்பெனி. ஸ்டோர் ரூமைத் திறந்த ஸ்டோர் அக்கா, இயந்திரச் சோதனை முடிவுகள் பதிவான கார்டுகளை எண்ணினாள். நாற்பது இருக்க வேண்டும், முப்பத்தொன்பதுதான் இருந்தது. பதினோராம் கார்டைக் காணோம். தேர்தலுக்கு மூன்றே வாரம். முதலாளிகளிடம் ஓடிப்போய்ச் சொன்னதும் அவள்தான். பழி அவள் தலையிலேயே விடிந்தது.

"சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு இந்தம்மாகிட்ட, இன்னொண்ணு மச்சான்கிட்ட. மெஷினை உருவாக்கினவரே மச்சான்தான். அவரா எடுப்பாரு?" என்று குதித்தார் முதலாளிகளில் ஒருவர். அவருடைய மச்சானும் கூட்டாளியுமான இன்ஜினியர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

9.37. இன்ஸ்பெக்டரம்மா வந்தார்.

"நேத்து எங்க இருந்தீங்க?"

"வீட்லதான்" என்றார் இன்ஜினியர்.

"நேரம் போட்டு எழுதிக் கொடுங்க."

எழுதினார். 7-க்கு நடுவில் சின்னக் கோடு, காலேஜ் பழக்கம்.

"பதிமூணு வருஷத்துல ஒரு குண்டூசி எடுத்ததில்ல மேடம்!" அக்கா அழுதாள். "வேலையை விடுங்க, வெளிய தலை காட்ட முடியுமா?"

அலமாரிமேல் ஒரு கண்ணாடி ஜாடி, நிறைய நம்பர் போட்ட, கிழிந்த காகித சீல்கள்.

"இதென்ன?"

"கதவு சீலை யார் உடைச்சாலும், அதுல நேரம் எழுதி இதுல போடணும். இன்ஜினியர் தம்பி வெச்ச சட்டம்."

"வெள்ளிக்கிழமை ஒட்டினது எந்த நம்பர்?"

"முப்பது. நோட்டுல இருக்கு."

"இன்னிக்கு உடைச்சது?"

அக்கா மேலே கிடந்ததை எடுத்தாள். 31, திங்கள் 8.17. "ஐயய்யோ, அவசரத்துல நம்பரைப் பாக்கலையே!"

அதற்கு அடியில் கிடந்தது முப்பது. ஞாயிறு 7.10.

"நேத்து யாரோ இதை உடைச்சுத் திறந்துட்டு, புது சீல் ஒட்டியிருக்காங்க. வெளியாள்னா இதைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போயிருப்பான்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "சட்டம் போட்டவர் கை, திருடும்போதும் தானா நேரம் எழுதி ஜாடியில போட்டுடுச்சு. இந்த 7-ல கோடு இருக்கு. அக்காவோட 7-ல இல்ல. உங்க வாக்குமூலத்துல இருக்கு, சார்."

இன்ஜினியர் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து வைத்தார்.

"கரண்ட் போனா, கடைசியா போட்ட ஓட்டை மெஷின் முழுங்கிடுது. இந்தக் கார்டுல அது பதிவாயிருக்கு. அதைப் பாக்காமலே எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டவன் நான்."

"அக்கா அழுதப்ப?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். வெக்கமா இருக்கு மேடம். நான் மனுஷனே இல்ல."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை அவர் முன்னால் விரித்தாள்.

"ஞாயித்துக்கிழமை திறந்ததுக்குப் பதிவு இல்ல தம்பி. போடுங்க. நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே?"

நாள் எழுதினார். நேரம் எழுதினார், 7-க்குக் கோடு போட்டு. 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"அதையும் எழுதுங்க" என்றாள் அக்கா.